காசிமேட்டு மீன் பெட்டிக்கு வாரச் சந்தா: கடை திறக்கும் முன் பணப் பிடித்தத்தைச் சோதிக்கும் முறை

கடை இதுதான்: விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, ராயபுரத்தில் சுத்தம் செய்து, ஐஸ் வைத்துப் பெட்டியாகக் கட்டி, ஞாயிறு காலை 9 மணிக்குள் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் வீடுகளில் சேர்ப்பது. பெட்டி ₹699. அந்த வாரம் கரையில் எது நன்றாக விழுகிறதோ அது: சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி, விலை இறங்கினால் வஞ்சிரம். இது தவிர மாதம் ஒருமுறை கருவாட்டுப் பெட்டி. வாடிக்கையாளர் ஒருமுறை யுபிஐ-யிலோ கார்டிலோ அனுமதி கொடுத்தால், பிறகு பணம் தானாகவே பிடிபடும். தளத்துக்கு வேர்ட்பிரஸ், கடைக்கு வூகாமர்ஸ், அதன் சந்தா பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்), வங்கிகளோடு பேசிப் பணம் பிடித்துத் தரும் கேட்வேக்கு ரேசர்பே. சின்னக் கடைகள் பலவற்றில் இருக்கும் அதே கூட்டணி.

இப்படிப்பட்ட கடைகளில் முதல் பணம் வந்து, "நன்றி" பக்கம் திறந்ததுமே சோதனை முடிந்ததாகக் கணக்கு வைத்துவிடுகிறார்கள். முதல் பணத்தின்போது வாடிக்கையாளர் போனைக் கையில் வைத்திருக்கிறார். பின் நம்பர் தப்பினால் மறுபடி போடுவார், பக்கம் நின்றால் திரும்பத் திறப்பார். இரண்டாவது பணத்தின்போது அவரும் இல்லை, கடைக்காரரும் இல்லை. சர்வரும் கேட்வேயும் வங்கியும் ராத்திரியில் தங்களுக்குள் பேசி முடிக்கும் வேலை அது. ஆகவே நேரத்தில் பெரும்பகுதியை இரண்டாவது பணத்துக்கும், அது தோற்றுப்போகும் வழிகளுக்கும் ஒதுக்க வேண்டும்.

கடிகாரம் யாரிடம்

ஒரு வரி கோட் தொடுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது: அடுத்த டெபிட் எப்போது என்பதை யார் நினைவு வைத்துக்கொள்வது? இரண்டு வழி உண்டு. கேட்வேயிலேயே திட்டமும் சந்தாவும் உருவாக்கினால், நாட்காட்டி கேட்வேயிடம் இருக்கும். கடை காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். மற்றது, கேட்வேயிடம் டோக்கனை (வாடிக்கையாளர் தந்த அனுமதியைக் குறிக்கும் எண்) மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கடையே "இவரிடம் இவ்வளவு பிடி" என்று கேட்பது.

மாதம் ₹299 என்று அசையாத விலை உள்ள பொருளுக்கு முதல் வழி சுலபம். மீனுக்கு அது ஒத்துவராது. ஒரு வாரம் ஒன்றரைப் பெட்டி, அடுத்த வாரம் வேண்டாம், பொங்கலுக்கு விலை ஏற்றம். எனவே கடிகாரம் கடையிடம். எதைத் தேர்ந்தாலும் மற்றதை முழுக்க அணைத்துவிட வேண்டும். பிளகினும் புதுப்பிப்பு ஆர்டர் போட்டு, கேட்வேயும் தன் கணக்கில் பிடித்தால், ஒரே வாரத்துக்கு இரண்டு ₹699 போய்விடும். இதைச் சரிபார்க்க, டெஸ்ட் சந்தா ஒன்றை இரண்டு முறை புதுப்பித்துவிட்டு கேட்வே டேஷ்போர்டின் சந்தாப் பக்கத்தைப் பாருங்கள். டோக்கன் வழியில் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

24 மணி நேர விதி வாரத்தையே வடிவமைக்கிறது

கார்டுகளில் தொடர் டெபிட்டுக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் கொண்டுவந்த விதிமுறைதான் அடிப்படை. அனுமதி பதியும்போது கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். அதன்பின் ஒவ்வொரு டெபிட்டுக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். கடைப் பெயர், தொகை, தேதி அதில் இருக்கும். அந்த ஒரு டெபிட்டையோ மொத்த அனுமதியையோ மறுக்க அவருக்கு வழி இருக்க வேண்டும். கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் பிடிக்கக்கூடிய உச்சவரம்பு 2022 ஜூனில் ₹15,000 ஆனது. யுபிஐ-யில் தொடர் டெபிட்டுக்கான ஆட்டோபேயிலும் முன்னறிவிப்பு உண்டு.

உண்மைப் பணம் அசையாத டெஸ்ட் முறையில் இந்த 24 மணி நேரம் கண்ணில் படாது. கேட்ட நொடியில் பணம் வந்ததாகக் காட்டிவிடும். உண்மைப் பணம் ஓடும் லைவில் அப்படி இல்லை: கடை கேட்டதும் பேமெண்ட் "உருவானது" என்ற நிலையிலேயே ஒரு நாள், ஒன்றரை நாள் கிடக்கும். முன்னறிவிப்பு போய், நேரம் கடந்து, வங்கி பிடித்த பிறகுதான் "கிடைத்தது" என்று மாறும். இடையில் தொகையை மாற்ற முடியாது. ஞாயிறு விடிகாலை ஏல விலையைப் பார்த்து வாடிக்கையாளரிடம் பிடிப்பது என்ற யோசனை இங்கேயே அடிபட்டுப் போகிறது. விலையை நிலையாக வைத்து, பெட்டிக்குள் போகும் மீனை மாற்றுவதுதான் நடக்கிற காரியம்.

அதனால் வாரம் இப்படி அமைந்தது:

வியாழன் இரவு 8: "இந்த வாரம் வேண்டாம்", அளவு மாற்றம், முகவரி மாற்றம் எல்லாம் மூடப்படும்.
வியாழன் இரவு 9: புதுப்பிப்பு ஆர்டர்கள் உருவாகி, கேட்வேக்குக் கோரிக்கை போகும்.
வெள்ளி இரவு முதல் சனி காலை வரை: டெபிட்.
சனி காலை 11: தோற்றவர்களுக்கு ஒருமுறை கட்டும் இணைப்பு.
சனி இரவு 9: இணைப்பு காலாவதி. 9:30-க்குப் பெட்டிப் பட்டியல் பூட்டு.

சனி காலை 11-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டோபே டெபிட்டுகளை நெரிசல் இல்லாத நேரங்களில் மட்டும் ஓட்டச் சொல்கிறது யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ: காலை 10-க்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9:30-க்குப் பின். ஒரு முயற்சி, அதற்கு மேல் மூன்று மறுமுயற்சி. எனவே காலை 10 தாண்டியும் பதில் வராதவை மதியத்துக்குத் தள்ளிப்போகும். 11 மணிக்குப் பட்டியல் எடுத்தால் நிலவரம் ஓரளவு தெளிந்திருக்கும்.

இங்கே பிளகினின் இயல்பான மறுமுயற்சி அமைப்பு கடைக்கு எதிரி. வூகாமர்ஸ் சந்தா பிளகினில் தோல்வி மறுமுயற்சியை இயக்கினால், 12 மணி, 12 மணி, 24 மணி, 48 மணி, 72 மணி என்ற இடைவெளிகளில் ஐந்து முறை முயலும். மொத்தம் 7 நாள். மென்பொருள் சேவைக்கு இது நல்ல ஏற்பாடு. மீனுக்கு? சனி காலை தோற்ற டெபிட்டைச் சனி இரவு மறுபடி கேட்டால், அது புதுக் கோரிக்கை. புது முன்னறிவிப்பு, புது 24 மணி நேரம். பணம் வரும்போது ஞாயிறு முடிந்திருக்கும், பெட்டி போயிருக்காது. 7-ஆம் நாள் முயற்சி அடுத்த வார டெபிட்டோடு மோதும். பிளகின் அமைப்பில் அந்த மறுமுயற்சிக் கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு, மறுமுயற்சிக்குப் பதில் கட்டண இணைப்பு அனுப்புவதே சரி. கெட்டுப்போகும் பொருள் விற்கும் எந்தக் கடைக்கும் இதையே சொல்வோம்: பால், பூ, காய்கறி, மாவு எதுவானாலும்.

சோதனைத் தளம்

தனி சப்டொமைன், டெஸ்ட் சாவிகள், டெஸ்ட் வெப்ஹுக் (நடந்ததைச் சொல்ல கேட்வே கடையின் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி). ரேசர்பேயில் டெஸ்டுக்கும் லைவுக்கும் சாவி வேறு, டோக்கன் வேறு. வெப்ஹுக்கையும் இரண்டிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் செய்தது மற்றதில் வராது.

சோதனைத் தளத்தை வெளியார் பார்க்காமல் இருக்கப் பாஸ்வேர்ட் பூட்டு போடுவது வழக்கம். போடுங்கள், ஆனால் இரண்டு ஓட்டை விட வேண்டும். கேட்வேயின் வெப்ஹுக்கும் அந்தப் பூட்டில் மோதி 401 (அனுமதி இல்லை) என்ற பதில் வாங்கித் திரும்பும். வேர்ட்பிரஸ் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை எழுப்பும் பகுதி) தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் கோரிக்கையும் அதே பூட்டில் நின்றுபோகும். "விரைவில் வருகிறோம்" பக்கம் போடும் பிளகின்களில் 503 (சேவை இல்லை) வரும். வெப்ஹுக் முகவரிக்கும் கிரான் முகவரிக்கும் மட்டும் விலக்கு கொடுத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

கிரான் விஷயத்தில் இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. வேர்ட்பிரஸ் கிரான் யாராவது தளத்துக்கு வந்தால்தான் எழும். திறக்காத கடைக்கு யார் வருவார்? அதோடு வூகாமர்ஸின் வேலை வரிசை, அட்மின் பக்கம் திறந்திருக்கும்போது அதையும் சாக்காக வைத்து ஓடும். சோதிப்பவர் அட்மினைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொரு புதுப்பிப்பும் நேரத்துக்கு நடக்கும். லேப்டாப்பை மூடிவிட்டுப் போன ராத்திரி ஒன்றும் நடக்காது. எனவே வேர்ட்பிரஸின் உள் கிரானை அமைப்புக் கோப்பில் அணைத்து, சர்வர் கிரான் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பும்படி வையுங்கள். பிறகு அடுத்த டெபிட் தேதியை 20 நிமிடம் தள்ளி வைத்து, எல்லாத் திரையையும் மூடிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். "திட்டமிட்ட வேலைகள்" பட்டியலில் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும், நேரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகியிருக்கக் கூடாது.

சந்தாத் திருத்தும் பக்கத்தில் "புதுப்பிப்பை நடத்து" என்ற செயலும் இருக்கிறது. வேகமாகப் பல புதுப்பிப்புகளைப் பார்க்க அது நல்ல கருவி. ஆனால் அது கடிகாரத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. அதில் தேறியது பணம் பிடிக்கும் கோட் மட்டும். நேரத்துக்கு எழும் பகுதி தேறவில்லை. இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேர மண்டலத்தையும் இப்போதே பார்த்துவிடலாம். சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், இந்திய நேரம் அதைவிட 5:30 மணி முன்னே. வியாழன் இரவு 9 என்பது யுடிசி-யில் மாலை 3:30. சர்வர் கிரானில் 21 என்று எழுதிவிட்டால் கோரிக்கை வெள்ளி விடிகாலை 2:30-க்குப் போகும். அதிலிருந்து ஒன்றரை நாள் எண்ணினால் சனி மதியம் 2:30. காலை 11 மணிப் பட்டியலில் பாதிப் பேர் "தோல்வி" போலத் தெரிவார்கள்; அவர்களுக்கெல்லாம் கட்டண இணைப்பு போகும்; இணைப்பிலும் கட்டுவார்கள், மதியம் டெபிட்டும் ஆகும்.

தொகையும் வரம்பும்

கேட்வே தொகையைப் பைசாவில் எதிர்பார்க்கிறது. ₹699 என்றால் 69900. முழு ரூபாயில் பிரச்சினை வராது. தள்ளுபடி சேர்ந்து தசமம் வரும்போதுதான் வரும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி-யில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக வெட்டினால் 1999 வராது, 1998 வரும். வெட்டுவதற்கு முன் ரவுண்ட் செய்திருக்கிறதா என்று பார்க்க, ₹19.99 விலையில் ஒரு டெஸ்ட் பொருளை வைத்து ஓட்டினால் போதும். ஒரு பைசா வித்தியாசத்தில் கணக்கு ஒட்டாமல் போவதை மாதக் கடைசியில் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய வேலை.

அனுமதியின் உச்சத் தொகை வாடிக்கையாளரின் யுபிஐ செயலியில் பெரிதாகத் தெரியும். சட்டம் அனுமதிக்கிறதே என்று ₹15,000 வைத்தால் "மீனுக்கு எதுக்கு பதினஞ்சாயிரம்?" என்று அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். ₹699 வைத்தால் பொங்கல் வாரம் இரண்டு பெட்டி கேட்பவரிடம் பிடிக்க முடியாது. விலையின் இரு மடங்குக்குச் சற்று மேலே, ₹1,500 என்று வைத்தோம். பைசாவில் 150000. இதில் ஒரு சைபர் பிசகினால் ₹150 ஆகும், முதல் பணமே மறுக்கப்படும். ஒரு சைபர் கூடினால் மறுபடி அதே ₹15,000. அதனால் செயலியின் திரையில் தெரியும் எண்ணைக் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். கோடில் இருப்பதைப் படித்தால் போதாது.

கால இடைவெளியையும் யோசித்து வையுங்கள். "வாரம்" என்று பதிந்தால் அந்த வாரத்தில் ஒரு டெபிட்தான். இடையில் கூடுதல் பெட்டி கேட்டால் அதே அனுமதியில் இரண்டாவது டெபிட் நடக்காது. "தேவைப்படும்போது" என்று பதிந்தால் நடக்கும். கருவாட்டுப் பெட்டியும் இதே அனுமதியில் வர வேண்டும் என்பதால் இரண்டாவதையே எடுத்தோம்.

மாதச் சந்தாவுக்கு மாதக் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. பிஎச்பி-யில் ஜனவரி 31-உடன் "ஒரு மாதம்" கூட்டினால், லீப் ஆண்டாக இல்லாவிட்டால் மார்ச் 3 வரும். பிப்ரவரியே காணாமல் போகும். பிளகின் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. பக்கவாட்டில் நாமே எழுதிச் சேர்த்த கோட் பார்த்துக்கொள்கிறதா? ஜனவரி 31-இல் தொடங்கும் சந்தா ஒன்றை வைத்து மூன்று முறை புதுப்பித்துத் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்.

வெப்ஹுக்: ஒவ்வொன்றையும் கெடுத்துப் பார்ப்பது

பணம் வந்ததையும் வராததையும் கேட்வே வெப்ஹுக் மூலமே கடைக்குச் சொல்கிறது. ஒழுங்காக வரும்போது எல்லாக் கடையும் வேலை செய்யும். கெடுத்துப் பார்க்க வேண்டியது ஐந்து விதம்.

முதலில் கையொப்பம். ரேசர்பே, வெப்ஹுக்கின் உடலை ரகசியச் சாவியோடு எச்மேக் எஸ்எச்ஏ-256 என்ற கையொப்பக் கணக்கில் போட்டு, வந்த கையொப்பத்தைத் தலைப்பில் அனுப்புகிறது. கடை, வந்த பைட்டுகளை அப்படியே அதே கணக்கில் போட்டு ஒப்பிட வேண்டும். பலரது கோடில் உடலை ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரித்துவிட்டு, மறுபடி சேர்த்து, அதன் மேல் கையொப்பம் போடுகிறார்கள். ஆங்கிலப் பெயர்களோடு சோதித்தால் இது பெரும்பாலும் தேறிவிடும். பிஎச்பி ஜேசனைத் திரும்பச் சேர்க்கும்போது, சொல்லாவிட்டால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் ஆறு எழுத்துக் குறியீடாக மாற்றிவிடும். முகவரியில் உள்ள சாய்கோட்டுக்கு முன்னால் இன்னொரு கோட்டைச் சேர்க்கும். குறிப்புப் பகுதியில் "வஞ்சிரம்" என்று தமிழாகவே வந்த ஆர்டர் கையொப்பத்தில் தோற்கும், பக்கத்தில் ஆங்கில எழுத்தில் வந்த ஆர்டர் தேறும். இதைப் பிடிக்க டெஸ்ட் வாடிக்கையாளர் பெயர், பொருள் பெயர், தெருப் பெயர் மூன்றையும் தமிழில் வைத்துச் சோதியுங்கள். தமிழ்க் கடைக்குத் தமிழில் சோதனை வைக்காமல் திறக்கக் கூடாது.

அடுத்து இரட்டை. ஒரே நிகழ்வு இரண்டு முறை வரலாம். தலைப்பில் நிகழ்வு எண் வருகிறது; அதைத் தனித்துவச் சாவியாக ஒரு அட்டவணையில் போட்டு, இரண்டாவது முறை வந்தால் 200 (சரி, கிடைத்தது) சொல்லி ஒதுங்கிவிட வேண்டும். ஒரே வெப்ஹுக்கைக் கையால் இரண்டு முறை அனுப்பி, பெட்டிப் பட்டியலில் ஒன்றுதான் ஏறுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது தாமதம். ரேசர்பே 5 நொடிக்குள் பதில் எதிர்பார்க்கிறது. வெப்ஹுக் வந்ததும் அங்கேயே மெயில் அனுப்பி, எஸ்எம்எஸ் அனுப்பி, பில் போட்டு, பிறகு பதில் சொன்னால் நேரம் தாண்டும். அவர்கள் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்புவார்கள். 24 மணி நேரம் தொடர்ந்து பதில் இல்லாவிட்டால் அந்த வெப்ஹுக்கையே அணைத்துவிடுவார்கள். வாங்கி வரிசையில் போட்டுவிட்டு உடனே 200 சொல்லுங்கள். மற்ற வேலை பிறகு. கோடில் வேண்டுமென்றே 8 நொடி தூக்கம் வைத்தால் இந்தக் குறை தானாக வெளியே வரும்.

நான்காவது வரிசை மாறுவது. வெற்றிச் செய்தி முதலில் வந்து, அதே ஆர்டரின் பழைய தோல்விச் செய்தி பின்னால் வரலாம். பணம் வந்ததாகக் குறித்த ஆர்டர் எந்தச் செய்தியாலும் பின்னோக்கிப் போகக் கூடாது.

ஐந்தாவதுதான் இந்தக் கடைக்கு மிக முக்கியம்: இரண்டு வழியிலும் பணம் வருவது. சனி 11 மணிக்கு இணைப்பு போனது, வாடிக்கையாளர் 11:20-க்குக் கட்டிவிட்டார், மதியம் 2 மணிக்கு வங்கி பழைய டெபிட்டையும் நிறைவேற்றிவிட்டது. பெட்டி ஒன்று, பணம் ₹1,398. ஏற்கனவே பணம் வந்த ஆர்டருக்கு இன்னொரு வெற்றிச் செய்தி வந்தால், நிகழ்வு எண் வேறாக இருந்தாலும், இரண்டாவது பேமெண்டைத் தானாகத் திருப்பி அனுப்பி, வாடிக்கையாளருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். அவர் வங்கிச் செய்தியைப் பார்த்துப் பதறி போன் செய்வதற்குள் கடையின் செய்தி போய்ச் சேர வேண்டும். இதை டெஸ்டில் செய்ய, ஒரே ஆர்டர் எண்ணை வைத்து இரண்டு வெற்றி வெப்ஹுக் தயாரித்து அனுப்பலாம். பெட்டிப் பட்டியலையும் ஆர்டரின் நிலையை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பேமெண்டுகளை எண்ணி எடுத்தால் இந்த இடத்தில் இரண்டு பெட்டி கட்டுவார்கள்.

தோல்விச் செய்தியும் எழுத்து எண்ணிக்கையும்

வங்கி திருப்பும் காரணங்களை இரண்டாகப் பிரித்தோம். கணக்கில் பணமில்லை, வங்கி சர்வர் பதில் சொல்லவில்லை: இவற்றுக்குக் கட்டண இணைப்பு. முன்னறிவிப்பைப் பார்த்து வாடிக்கையாளரே மறுத்தது, அனுமதியை ரத்து செய்தது: இது தோல்வியே இல்லை, அவர் வேண்டாம் என்கிறார். அவருக்கு இணைப்பு அனுப்பினால் துரத்துவது போல இருக்கும். "இந்த வாரம் பெட்டி வராது" என்று ஒரு வரி போதும்.

எஸ்எம்எஸ் வார்ப்புகளை (மாதிரி வாசகங்களை) வணிக எஸ்எம்எஸ்களுக்கான பதிவு முறையான டிஎல்டி-யில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதிந்ததிலிருந்து ஒரு எழுத்து மாறினாலும் போகாது. நீளத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. இரண்டாக ஒட்டினால் பகுதிக்கு 67. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனி எழுத்தாகவே எண்ணப்படும்: "வஞ்சிரம்" கண்ணுக்கு 5 எழுத்து, கணக்கில் 8. எங்கள் வார்ப்பு இது:

உங்கள் மீன் பெட்டிக்கான ₹699 பிடிக்க முடியவில்லை. சனி இரவு 9-க்குள் கட்டினால் ஞாயிறு பெட்டி வரும்:

இதுவே 98. இரண்டு பகுதிக்கு மொத்தம் 134 என்பதால், இணைப்புக்கு இடைவெளியோடு சேர்த்து 36 மிச்சம். நீள முகவரி போட்டால் மூன்றாவது பகுதிக்கும் காசு போகும்.

தடைக்காலம், புரட்டாசி, "அண்ணே இந்த வாரம் வேணாம்"

நிறுத்தி வைத்து மறுபடி தொடங்குவது மற்ற கடைகளுக்கு ஓரத்து வசதி. மீன் கடைக்கு அதுதான் நடு வாசல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் வரத்து குறைவு, விலை ஏறும். புரட்டாசியில், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, பாதி வீடுகளில் மீன் கிடையாது. கார்த்திகையில் மாலை போட்ட வீடுகள் தனி.

2026 நாட்காட்டியை வைத்துச் சோதித்தால் பிழை தானாக வெளியே வரும். ஏப்ரல் 15 புதன், ஜூன் 14 ஞாயிறு. இடையில் ஒன்பது ஞாயிறு. "மறுபடி தொடங்கும் தேதி" என்ற கட்டத்தில் ஜூன் 14 என்று போட்டால், மென்பொருள் அந்த ஞாயிற்றையும் பெட்டி நாளாக எடுத்துக்கொண்டு, ஜூன் 11 வியாழன் இரவே கோரிக்கை அனுப்பிவிடும். படகு அன்றைக்கும் கரையில்தான் நிற்கும். முதல் பெட்டி ஜூன் 21, கோரிக்கை ஜூன் 18 இரவு 9. எனவே அந்தக் கட்டம் எதைக் கேட்கிறது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: "முதல் பெட்டி வரும் ஞாயிறு". இன்னொன்று, தொடங்கியதும் விட்டுப்போன ஒன்பது வாரத்துக்கும் சேர்த்து ஆர்டர் உருவாகக் கூடாது. தேதியை முன்னே தள்ளி, ஒரே ஒரு ஆர்டர்தான் வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். 200 சந்தாக்களைச் சேர்த்து நிறுத்தி, சேர்த்துத் தொடங்கும் சோதனையும் இதில் அடக்கம். ஒன்றிரண்டை மட்டும் செய்து பார்த்தால் நேரம் தாண்டி நடுவில் நிற்பது தெரியாது.

வியாழன் இரவு 9-க்குப் பிறகு வாட்ஸ்அப்பில் "அண்ணே, இந்த வாரம் வேணாம்" என்று வரும். நிச்சயம் வரும். கோரிக்கை ஏற்கனவே போய்விட்டது. ஆர்டரை ரத்து செய்தாலும் வங்கி பிடிக்கலாம். ரத்தான ஆர்டருக்குப் பணம் வந்தால் தானாகத் திருப்பும் விதி வேண்டும். மேலே சொன்ன இரட்டைப் பணக் கோடோடு இதையும் சேர்த்துவிடலாம்.

ரத்து செய்வதை இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். கடையில் ரத்து செய்தால் கேட்வேயில் டோக்கனும் ரத்தாக வேண்டும், வாடிக்கையாளரின் செயலியில் அனுமதி மறைய வேண்டும். செயலியில் ரத்து செய்தால் கடையில் சந்தா நிற்க வேண்டும். இரண்டாவதை யாரும் சோதிப்பதில்லை. மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான் ரத்து செய்கிறார்கள்.

லைவில் ₹10

டெஸ்ட் முறை எவ்வளவு தேறினாலும், வங்கிகள் லைவில்தான் தங்கள் சுபாவத்தைக் காட்டும். ₹10-க்கு மறைவான பொருள் ஒன்று, உச்சத் தொகையும் ₹10. தெரிந்தவர்கள் எட்டுப் பேர் போதும், ஆனால் வங்கியும் செயலியும் வேறு வேறாக இருக்க வேண்டும்: கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம், ஒரு பொதுத்துறை வங்கி டெபிட் கார்டு, ஒரு கிரெடிட் கார்டு. மூன்று வியாழக்கிழமைகள் ஓட்டுங்கள்.

முதல் வாரம் எல்லோரிடமும் சரியாகப் பிடிக்க விடுங்கள். ஒவ்வொருவரும் முன்னறிவிப்பு வந்த நேரம், டெபிட் ஆன நேரம் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும். அதில் தெரியும் கடைப் பெயரைக் கட்டாயம் படியுங்கள். கேட்வே பதிவில் உரிமையாளரின் பெயரோ பழைய நிறுவனப் பெயரோ இருந்தால் அதுதான் வரும், வாடிக்கையாளர் யாரோ திருடுவதாக நினைத்து மறுத்துவிடுவார். இரண்டாவது வாரம் ஒருவர் கணக்கில் ₹10-க்குக் குறைவாக வைக்கச் சொல்லுங்கள், ஒருவர் முன்னறிவிப்பிலேயே மறுக்கட்டும், ஒருவர் செயலியில் ரத்து செய்யட்டும். பணமில்லாத சோதனையை யுபிஐ-யில் மட்டும் செய்யுங்கள். வங்கிக் கணக்கில் நேரடியாகப் பிடிக்கும் என்ஏசிஎச் அனுமதியில் செய்தால் வங்கி அவரிடம் பவுன்ஸ் கட்டணம் பிடித்துவிடும். மூன்றாவது வாரம் ₹11 கேட்டுப் பாருங்கள். மறுக்கப்பட வேண்டும். மறுக்காவிட்டால் உச்சத் தொகை எங்கோ தப்பாகப் பதிந்திருக்கிறது.

மாற்றும் நாள்

சோதனைத் தளத்தை நகலெடுத்து உண்மையான முகவரிக்குக் கொண்டுபோனால், சந்தா பிளகின் முகவரி மாறியதைக் கவனித்து, இது நகல் தளம் என்று முடிவு செய்து தானியங்கிப் பணத்தை நிறுத்திவிடும். நல்ல பாதுகாப்புதான்: நகலும் அசலும் சேர்ந்து வாடிக்கையாளரிடம் பிடிக்காமல் இருக்கத்தான் அது. ஆனால் உண்மைத் தளத்திலேயே அப்படி நின்றுபோனால் அட்மினில் ஒரு அறிவிப்புப் பட்டை மட்டும் தெரியும். புதிய ஆர்டர்கள் வரும், முதல் பணம் வரும், இரண்டாவது வராது. பட்டையில் முகவரி மாற்றத்தை உறுதிசெய்து, டெஸ்ட் சந்தாக்களை நீக்கி, லைவ் சாவியும் லைவ் வெப்ஹுக் ரகசியமும் போட்டு, ₹10 பொருளை இந்தத் தளத்தில் மறுபடி ஒருமுறை இரண்டாவது டெபிட் வரை ஓட்டுங்கள். சோதனைத் தளத்தில் லைவ் சாவி ஒருநாளும் இருக்கக் கூடாது.

கடைசியாகக் கணக்கு. கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால் ₹699-க்கு ₹13.98, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ₹2.52, வங்கிக்கு வருவது ₹682.50. ₹10 ஆர்டர்களுக்கு ஆர்டர் பட்டியல், கேட்வே அறிக்கை, வங்கி வரவு மூன்றையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒட்டுகிறதா பாருங்கள். திருப்பி அனுப்பிய தொகை கேட்வே வங்கிக்கு அனுப்பும் அடுத்த செட்டில்மெண்டில் கழிந்து வரும். அதற்கும் ஒரு வரி வேண்டும். எடை குறைந்து 900 கிராம்தான் இருந்தது என்று ஒருவர் சொல்வார், அவருக்கு ₹70 மட்டும் திருப்ப வேண்டியிருக்கும். பகுதித் தொகை திருப்பியதும் ஆர்டர் முழுக்க ரத்தானதாக மாறாமல், அடுத்த வாரச் சந்தா அப்படியே நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட்டால், முதல் வியாழன் இரவு 9 மணிக்குக் கிரானை ஓட விடலாம்.